செல்லப்பிராணிக்கு மருந்தின் அளவு தவறிவிட்டால்: முதல் நிமிடத்திலிருந்து மூன்றாம் நாள் வரை

"யார் கொடுத்தது?" மருந்து இரண்டு தடவை போய்விட்டது என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் கிளம்பும் கேள்வி இதுதான். எங்கள் வீட்டிலும் அதுவேதான் கிளம்பியது. எங்கள் நாய்க்கு மூட்டுவலி. தினமும் காலையில் கார்ப்ரோஃபென் 50 மி.கி. மாத்திரை ஒன்று. அன்று ஏழரை மணிக்கு அதைச் சாப்பாட்டில் மறைத்து ஊட்டிவிட்டு நிமிர்ந்தால், "நான் ஆறு மணிக்கே கொடுத்துட்டேனேம்மா" என்கிறார் அப்பா. இன்றைக்கா நேற்றா, முழு மாத்திரையா பாதியா, சொல்லியிருக்கக் கூடாதா என்று பேசிப் பேசியே இருபது நிமிடம் போனது. நாய் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அம்மா மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினார். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

டாக்டர் போனில் கேட்டவை மூன்றுதான்: என்ன மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், நாயின் எடை எவ்வளவு. யார் கொடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. 14 கிலோ நாய், 100 மி.கி., அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 7 மி.கி. மறுநாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வாந்தியையும் மலத்தின் நிறத்தையும் கவனிக்கச் சொன்னார். ஒரு நாள் வயிறு இளகியதோடு சரியாகிவிட்டது. ஆனால் அந்த இருபது நிமிடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே இருபது நிமிடம் ஒரு பூனைக்கும் பாராசிட்டமாலுக்கும் நடுவில் போயிருந்தால் கதை வேறு. தவறு நடந்த வீட்டில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் குற்ற உணர்ச்சிதான். அதை ஓரமாக வைத்துவிட்டு, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வாயில் இருப்பதை எடுங்கள், மிச்சத்தை எண்ணுங்கள்

நாய் மாத்திரை டப்பாவைக் கடித்துக்கொண்டிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். கடிக்கும் என்று பயமாக இருந்தால் கையை வாய்க்குள் விடாதீர்கள். பிடித்த தின்பண்டம் ஒன்றைத் தூரப் போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். மற்ற பிராணிகளை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அப்புறம் எண்ணுங்கள். அட்டையில் எத்தனை குழி காலி, பாட்டிலில் எத்தனை மி.லி. குறைந்திருக்கிறது, தரையில் சிதறியது எத்தனை. உங்கள் நினைவைவிட அட்டையை நம்புங்கள். கணக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கலாமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்து எது தின்றது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகவே கணக்கு. பாதி பாதி என்று நாமாகப் பிரித்துக்கொள்வது ஆபத்து.

கடித்த டப்பா, கிழிந்த அட்டை, மருந்துச் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு வாசல் பக்கம் வையுங்கள். கிளினிக்குக்குக் கிளம்பும்போது தேடக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

2. பிராணியை ஒரு நிமிடம் பாருங்கள்

கணக்குக்கு முன்னால் ஒரு நிமிடம் இதற்கு. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு, நீலம் பாய்ந்த ஈறு, சேறு போன்ற பழுப்பு ஈறு மூன்றுமே அவசரம். வலிப்பு, உடல் நடுக்கம், நிற்க முடியாத தள்ளாட்டம், கூப்பிட்டால் எழாத மயக்கம், மூச்சுத் திணறல், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இரத்தம் கலந்த வாந்தி ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதிப் படிகளை விட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள். போனில் பேசுவது போகும் வழியில் நடக்கட்டும், வண்டி ஓட்டாதவர் பேசட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கசப்பான மாத்திரை பூனையின் நாக்கில் பட்டுவிட்டால் வாயெல்லாம் நுரை தள்ளும். தலையை உதறிக்கொண்டு வீடு முழுக்க ஓடும். முதல்தடவை பார்ப்பவருக்கு விஷம் ஏறிவிட்டது போலவே இருக்கும். அளவு சரியாக இருந்து, கொடுத்த உடனே நுரை வந்து, சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் அது ருசியின் வேலை. அடங்காமல் நீண்டாலோ, நுரையோடு நடுக்கம் சேர்ந்தாலோ அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றுமே தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கிறதா? நல்லது. ஆனால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். மருந்து வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போக நேரமாகும். அறிகுறி தெரியாத இந்த நேரத்தில்தான் டாக்டரால் மிக எளிதாக உதவ முடியும்.

3. கணக்கு: கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்

டாக்டர் முதலில் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான். உள்ளே போன மருந்தின் மொத்த மில்லிகிராமைப் பிராணியின் எடையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எடை தெரியாவிட்டால் பிராணியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நம் பேச்சுவழக்கே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. "அரை மில்லி கொடுங்க" என்கிறோம். அது மில்லிலிட்டரா, மில்லிகிராமா? இரண்டையும் 'மில்லி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்று சிரிஞ்சில் அளக்கும் கொள்ளளவு, மற்றது அதற்குள் இருக்கும் மருந்தின் எடை. இரண்டையும் இணைப்பது பாட்டிலின் மேல் உள்ள 'ஒரு மி.லி.யில் இத்தனை மி.கி.' என்ற வரி. வலி மருந்தான மெலாக்சிகாம் சிரப்பைப் பாருங்கள். நாய்க்கான பாட்டிலில் பொதுவாக ஒரு மி.லி.க்கு 1.5 மி.கி., பூனைக்கான பாட்டிலில் 0.5 மி.கி. பாட்டில் மாறிவிட்டால் அதே அளவு சிரப்பில் மூன்று மடங்கு மருந்து போய்விடும், அதுவும் இந்த மருந்தால் சிறுநீரகம் சீக்கிரம் பாதிக்கப்படும் பூனைக்கு.

இதே மருந்தோடு வரும் சில சிரிஞ்சுகளில் கோடுகள் மி.லி.யில் இருக்காது, பிராணியின் எடையில், கிலோவில் இருக்கும். 10 கிலோ நாய்க்கு 10 என்ற கோடு வரை இழுக்க வேண்டும். அந்த சிரிஞ்ச் தொலைந்துபோய், வீட்டில் கிடந்த சாதாரண சிரிஞ்சில் 10 வரை இழுத்தால் உள்ளே போவது 10 மி.லி., அதாவது 15 மி.கி. அந்த நாய்க்குத் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி., மொத்தம் 1 மி.கி. போனது பதினைந்து மடங்கு.

அடுத்தது புள்ளி. "பாயின்ட் டூ" என்று போனில் சொன்னது "டூ" என்று மட்டும் காதில் விழும். புழு, உண்ணி போன்ற ஒட்டுண்ணிகளைக் கொல்ல, கால்நடைகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து ஒரு மி.லி.யில் 10 மி.கி. இருக்கும் அடர்த்தியான சரக்கு. 10 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று டாக்டர் முடிவு செய்தால் அது 0.2 மி.லி. மட்டுமே. அதை 2 மி.லி. என்று எடுத்தால் பத்து மடங்கு. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற இன நாய்கள் பலவற்றில் மூளைக்குள் இந்த மருந்து நுழையாமல் தடுக்கும் புரதம் மரபிலேயே பழுதாக இருக்கும். அவற்றுக்குப் பத்து மடங்கு வரை போக வேண்டியதில்லை, மற்ற நாய்கள் தாங்கும் அளவே கண்பார்வை மங்கவும் மயக்கத்தில் ஆழ்த்தவும் போதும்.

கணக்கு வரவில்லையா? விட்டுவிடுங்கள். பாட்டிலின் மேல் இருப்பதைப் போனில் அப்படியே படியுங்கள், டாக்டர் கணக்குப் போட்டுக்கொள்வார். கணக்குக்காக அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

4. போன் செய்யுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

வழக்கமான டாக்டருக்கு முதலில். எடுக்கவில்லை என்றால் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளில் விலங்குகளுக்கென்றே 24 மணி நேர விஷ ஆலோசனைத் தொலைபேசிச் சேவைகள் இருக்கின்றன. கட்டணம் வாங்குவார்கள், ஆனால் அந்த வேலையை மட்டுமே செய்பவர்கள். உங்கள் டாக்டரோடு நேரடியாகவும் பேசுவார்கள். வீட்டில் பிராணி இருக்கிறதென்றால் இந்த எண்கள் இன்றைக்கே போனில் பதிவாகட்டும்.

பதற்றத்தில் வார்த்தை தடுமாறும். எதிரே ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்:

- என்ன பிராணி, என்ன இனம், வயது, எடை
- மருந்தின் பெயர் (கடைப் பெயரும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும்), எத்தனை மி.கி.
- எத்தனை மாத்திரை அல்லது எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு
- வழக்கமாகக் கொடுக்க வேண்டிய அளவு
- இப்போது ஓடும் வேறு மருந்துகள்
- சிறுநீரகம், ஈரல், இதயம், வலிப்பு என்று ஏற்கெனவே இருக்கும் நோய்கள்
- இதுவரை தெரிந்த அறிகுறி, வீட்டில் ஏதாவது செய்திருந்தால் அது

கடைசி மூன்றும்தான் அதிகம் விட்டுப்போகின்றன. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாய்க்கு வலி மாத்திரையும் போய்விட்டால், இரண்டும் சேர்ந்து குடலில் புண்ணாக்கும். அளவு சிறியதாக இருந்தாலும் டாக்டரின் பதில் மாறும்.

உங்கள் சொந்த மாத்திரையைக் கொடுத்திருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுக் கொடுத்திருந்தாலும், குழந்தை விளையாட்டாக ஊட்டியிருந்தாலும் அதையே சொல்லுங்கள். "தெரியாமல் எதையோ தின்றுவிட்டது போல" என்று சுற்றிவளைத்தால் டாக்டர் எலி மருந்திலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எந்த மருந்து என்று தெரிந்து, அதற்கு முறிவு மருந்தும் இருந்தால், நேரம் கடத்தாமல் அதை ஏற்ற முடியும். வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

5. வீட்டு வைத்தியம் வேண்டாம்

"வாந்தி எடுக்க வைத்துவிட்டால் போதுமே" என்று எல்லோருக்கும் தோன்றும். சரியான மருந்து, சரியான பிராணி, சரியான நேரம் மூன்றும் கூடினால் உண்மைதான். வாந்தியால் பொதுவாகப் பலன் இருப்பது முதல் ஒன்று இரண்டு மணி நேரத்தில். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர். அவரிடம் நாய்க்கு அபோமார்ஃபின், பூனைக்கு வேறு ஊசி என்று பாதுகாப்பான வழி இருக்கிறது.

உப்புக் கரைசல் கூடவே கூடாது. இரத்தத்தில் சோடியம் ஏறி, தின்ற மருந்தைவிட அதுவே மூளையைப் பாதிக்கும். தொண்டைக்குள் விரலை விட்டால் காயம்தான் மிஞ்சும். ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசலைச் சில சமயம் டாக்டரே போனில் அளவு சொல்லி நாய்க்குக் கொடுக்கச் சொல்வது உண்டு, அவர் சொன்னால் மட்டும். பூனைக்கு எந்த நிலையிலும் வேண்டாம், அதன் இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிராணி, வலிப்பு வந்த பிராணி, பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் ஆகியவற்றை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகலாம். முயலுக்கும் எலிக்கும் வாந்தி எடுக்கவே முடியாது, முயற்சியே பயனற்றது.

பாலும் எண்ணெயும் முட்டையும் மருந்தை முறிக்காது. மயக்கத்தில் இருக்கும் பிராணியின் வாயில் ஊற்றினால் புரையேறும், அவ்வளவுதான். குடலில் மருந்தைப் பிடித்துக்கொள்ள டாக்டர் கொடுக்கும் மருத்துவக் கரிக்குக் கருகிய ரொட்டியும் அடுப்புக்கரியும் ஈடாகாது. ஒரு மருந்தின் விளைவைக் குறைக்க எதிர்மாறான இன்னொரு மருந்தை வீட்டில் தேடிக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். டாக்டர் தீர்க்க வேண்டிய சிக்கல் அங்கே இரண்டாகிவிடும்.

6. அறிகுறிக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாதவை

பூனைக்குப் பாராசிட்டமால். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இந்த மாத்திரை உண்டு, பூனைக்குக் காய்ச்சல் என்று நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். மனிதரின் ஈரலும் நாயின் ஈரலும் இதை உடைத்து வெளியேற்றும் முக்கியமான வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனம். கிலோவுக்கு 10 மி.கி. அளவிலேயே பூனை பாதிக்கப்பட்டிருக்கிறது. 500 மி.கி. மாத்திரை ஒன்று 4 கிலோ பூனைக்குள் போனால் கிலோவுக்கு 125 மி.கி.; அதில் கால்வாசியே பூனையின் உயிருக்கு ஆபத்தாகலாம். சில மணி நேரத்தில் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் வேலை செய்யும். நாய்க்கும் அளவு கூடினால் பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

நாயின் உண்ணிச் சொட்டு மருந்து பூனையின் மேல். முதுகில் சொட்டுவிடும் சில நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். நாய்க்குப் பிரச்சினையில்லை, பூனைக்கு நரம்பு விஷம். காது துடிப்பதில் ஆரம்பித்து உடல் முழுக்க நடுக்கம், பிறகு வலிப்பு. டாக்டரை உடனே அழையுங்கள். பூனை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை என்றால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவச் சொல்வார்கள். சுடுதண்ணீர் வேண்டாம், தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கழுவியதும் துவட்டிக் கதகதப்பாக வையுங்கள், நக்க விடாதீர்கள். கழுவிவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். மருந்து போட்ட நாயை உரசிக்கொண்டு படுக்கும் பூனைக்கும் இது வரலாம்.

இன்சுலின். இதில் மூன்று விதமாகத் தவறு நடக்கிறது: இரண்டு தடவை போடுவது, சாப்பிடாத பிராணிக்குப் போடுவது, சிரிஞ்ச் மாறுவது. பிராணிகளுக்கான இன்சுலின் பல யூ-40 வகை, மி.லி.க்கு 40 யூனிட். மனிதர்களுக்கானது பெரும்பாலும் யூ-100. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 5 யூனிட் கோடு வரை எடுத்தால் உள்ளே போவது பன்னிரண்டரை யூனிட். சர்க்கரை இறங்கினால் பிராணி தளரும், பசியில் அலையும் அல்லது வெறித்துப் பார்க்கும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு வலிப்பு. விழிப்பாக இருந்தால் வழக்கமான சாப்பாட்டை உடனே கொடுங்கள். தளர்ந்துவிட்டால் தேன் அல்லது சர்க்கரைப் பாகை ஈறில் தடவுங்கள், தொண்டையில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கவும் வேண்டாம். இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும். கிளினிக்கில் இருந்தாக வேண்டும். ஊசி உள்ளே போனதா, ரோமத்தில் வழிந்ததா என்று சந்தேகமா? மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், இறங்குவதைத் தாங்க முடியாது.

ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபினாக் போன்ற மனித வலி மாத்திரைகள் நாய்க்கும் பூனைக்கும் குடலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பவை. பிராணிகளுக்கென்றே செய்த வலி மாத்திரைகளிலும் ஓர் ஆபத்து: இறைச்சி ருசியோடு இருப்பதால் நாய் டப்பாவை உடைத்து மொத்தத்தையும் தின்றுவிடும். இரட்டை டோஸும் முப்பது மாத்திரையும் ஒன்றல்ல. இதய மருந்து, இரத்த அழுத்த மருந்து, வலிப்பு மருந்து, மனநல மருந்து, தசை தளர்த்தும் பேக்லோஃபென், புற்றுநோய் மருந்து (தோலில் பூசும் ஃபுளூரோயூராசில் களிம்பும் சேர்த்துத்தான்), வைட்டமின் டி சொட்டு, நாய் கடித்து வெடித்த ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். மனிதர்களுக்கான சில சிரப்களில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும்; மருந்தின் அளவு சரியாகவே இருந்தாலும் அந்த இனிப்பு நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் காபாபென்டின் திரவத்தில் இது நடந்திருக்கிறது.

சிறிய பிராணிகள் தனி உலகம். ஒரு லவ்பேர்ட்ஸ் பறவையின் எடை முப்பது நாற்பது கிராம்; ஒரு சொட்டு கூடினாலே இரட்டிப்பு. முயலுக்கு நாயின் உண்ணிக்கான ஃபிப்ரோனில் சொட்டு மருந்து ஆகாது, வாய்வழி அமாக்சிசிலினும் ஆகாது. இவற்றில் அளவு கூடியது என்ற பேச்சே இல்லை, கொடுத்ததே தவறு.

7. கிளினிக்கில் என்ன செய்வார்கள்

தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் குறையும். நேரம் இருந்தால் வாந்தி எடுக்க வைப்பார்கள், பிறகு மருத்துவக் கரி கொடுப்பார்கள். அது குடலில் மீதி மருந்தைப் பிடித்துக்கொள்ளும் (எல்லா மருந்தையும் அல்ல). இரத்தப் பரிசோதனை ஒன்றை உடனே எடுப்பது பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. "ஒன்றும் இல்லையே, எதற்கு இந்தச் செலவு" என்று தோன்றலாம். இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தைக் காட்டும் எண்கள் ஏறியிருந்தால், முதல் நாள் எண்கள் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. வலி மருந்து அதிகமாகப் போயிருந்தால் இரண்டு நாள் வரை டிரிப்ஸ் ஏற்றுவது வழக்கம். ஐவர்மெக்டின், பெர்மெத்ரின் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளுக்குக் கொழுப்புக் கரைசலை இரத்தக் குழாயில் ஏற்றும் சிகிச்சையும் உண்டு. பணம் பிரச்சினை என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எது அவசியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டரே வரிசைப்படுத்துவார்.

8. "வீட்டிலேயே பாருங்கள்" என்று சொன்னால்

பல தவறுகள் இப்படித்தான் முடிகின்றன. நாய்க்குத் தைராய்டு மாத்திரை ஒரு வேளை இரட்டித்தாலும், குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் கொஞ்சம் கூடினாலும், அமாக்சிசிலின் இரண்டு தடவை போனாலும் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு சரி. ஆனால் இந்த முடிவு டாக்டர் வாயிலிருந்து வர வேண்டும்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது அல்ல. நாயோ பூனையோ தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். சாப்பிட்டதா, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமா, சிறுநீர் எத்தனை தடவை, மலம் என்ன நிறம் என்று நேரம் போட்டு எழுதுங்கள். தார் போன்ற கறுத்த மலம் குடலுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளம். அதைப் பார்த்தால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

எத்தனை நாள் பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் சில மணி நேரத்திலேயே காட்டிவிடும். பெர்மெத்ரின் அன்றே காட்டலாம், மூன்றாம் நாள் வரை தள்ளியும் காட்டலாம். வலி மருந்தால் சிறுநீரகம் பாதிப்பதும் பாராசிட்டமாலால் ஈரல் பாதிப்பதும் இரண்டு மூன்று நாள் கழித்து வெளியே தெரியும். முதல் நாள் வாந்தி நின்று பிராணி தெளிந்துவிட்டதே என்று இரண்டாம் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம். அந்தப் பரிசோதனை வைத்திருப்பதே தெளிந்ததுபோல் இருக்கும் நாட்களுக்காகத்தான்.

வேளை தவறினால், துப்பிவிட்டால்

மறந்துபோன வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரண்டு மாத்திரை கொடுப்பது கூடாது. பொதுவாக, ஞாபகம் வந்தது பாதி இடைவெளிக்குள் என்றால் அப்போது கொடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடலாம். வலிப்பு மருந்து, இதய மருந்து, இன்சுலின் மூன்றுக்கும் இந்தப் பொதுவிதி போதாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். வலிப்பு மருந்து நின்றால் வலிப்பு திரும்பும். பல வாரம் கொடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடல் நிலைகுலையும். டப்பா காலியாகும் முன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டதா? வாந்தியில் மாத்திரை உருக்குலையாமல் முழுதாகக் கண்ணுக்குத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மறுபடி கொடுக்கச் சொல்லலாம். தெரியாவிட்டால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிரப் பாதி வழிந்துவிட்டது, எவ்வளவு உள்ளே போனது தெரியவில்லை என்றாலும் இதேதான்.

வீடு திரும்பிய பிறகு

எங்கள் வீட்டில் அன்று மாலையே ஒரு மாற்றம் செய்தோம். மாத்திரை அட்டையில் ஒவ்வொரு குழியின் பின்னாலும் பேனாவால் தேதி எழுதினோம். அட்டையில் இன்றைய தேதி கிழிந்திருந்தால் கொடுத்தாயிற்று, யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிரப் என்றால் சிரிஞ்சில் சரியான கோட்டில் அழியாத மையால் ஒரு வரி, பாட்டிலோடு அந்த சிரிஞ்சை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுவது. பூனை மருந்தும் நாய் மருந்தும் வேறு வேறு அலமாரியில். மனித மாத்திரை இவற்றோடு சேரவே கூடாது. அவசரத்தில் கை போகும் இடத்துக்குத்தான் போகும், கண் பெயரைப் படிக்காது. டாக்டர் போனில் அளவு சொன்னால் "பூஜ்ஜியம் புள்ளி இரண்டு, மில்லிலிட்டர்தானே?" என்று திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு எழுதுங்கள்.

கிளினிக்கிலிருந்து கிளம்பும் முன் ஒன்றைக் கேட்க மறந்துவிடுவார்கள்: அடுத்த வேளை எப்போது? ஆபத்து நீங்கிய நிம்மதியில் அன்றிரவே வழக்கமான மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு, பயந்துபோய் ஒரு வாரம் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு என்று டாக்டர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் மருந்து கொடுக்கும் எல்லோரும் அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.